முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு

அன்புச் சகோதரிக்கு வணக்கம். பி.எட். கல்லூரியில் எட்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தல் முறைகளை நடத்திவிட்டு முனைவர் பட்டத்துடன் ஆஸ்திரேலியாவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு, இங்கே ஆசிரியர் பயிற்சித் துறையில் எழுத்தறிவுக் கல்வி விரிவுரையாளராக நேரடியாகச் சேர இயலுமா என்றும், நம் உச்சரிப்பு தடையாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வந்த புதிதில் நானும் அப்படித்தான் விண்ணப்பித்தேன். நேர்காணல் வரை சென்ற ஒரே இடத்தில், ஐந்து வயதுக் குழந்தைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அதன்பின் ஆசிரியராகப் பதிவுபெற்று நான்கு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பில் கற்பித்தேன். நீங்களும் அந்த வழியில் வருவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனெனில் இங்கே இரண்டாண்டு முதுநிலை ஆசிரியர் படிப்பில் சேர்பவர்கள் குறைந்தது 60 நாட்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். அவர்களைப் பார்வையிடும் பொறுப்பும் விரிவுரையாளருக்கு வரும். நான் அப்படிப் பார்வையிட்ட ஒரு வகுப்பில் ஒரு சிறுவன் 'ஷிப்' (ship) என்ற சொல்லின் நான்கு எழுத்துகளையும் தனித்தனியே ஒலித்துத் திணறினான். பயிற்சி மாணவி சொல்லை அவளே சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். பாடம் முடிந்ததும் ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைந்து, முதல் கட்டத்தில் எஸ், எச் இரண்டையும் சேர்த்து எழுதிக் காட்டினேன்: எழுத்து நான்கு, ஒலி மூன்று. அது என் ஆய்வேட்டிலிருந்து வந்ததன்று, ஒன்றாம் வகுப்பிலிருந்து வந்தது.

உச்சரிப்பைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தை ஒலியோடு இணைத்து வாசிக்கவைக்கும் முறையைக் கற்பிக்கும்போது மெய்யொலியோடு உயிரொலியை ஒட்டவைத்து 'ம' என்று சொல்லிவிடுவது பயிற்சி மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. புள்ளி வைத்த 'ம்' என்பதைச் சிறுவயதிலேயே எழுதிப் பழகிய நமக்கு அந்த வேறுபாடு கையோடு வருகிறது. 'க' போன்ற சில எழுத்துகள் இடத்துக்கேற்ப ஒலி மாறினாலும், தமிழில் எழுத்தைக் கண்டால் பெரும்பாலும் ஒலியைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்திலோ 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. அந்தச் சுமை ஆங்கிலத்துக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை. வெளியிலிருந்து கற்ற நமக்குப் புலப்படுகிறது. விண்ணப்பத்தில் இதைத் தயங்காமல் எழுதுங்கள்.

இத்துறையின் போக்கையும் படித்துவிடுங்கள். முறையான ஃபோனிக்ஸ் கற்பித்தலை 2005ஆம் ஆண்டின் தேசிய எழுத்தறிவு விசாரணை அறிக்கை வலியுறுத்தியது. 2018இல் தெற்கு ஆஸ்திரேலியா ஒன்றாம் வகுப்பில் அதற்கான சோதனையைக் கொண்டுவந்தது. ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கும் 2016 முதல் லேன்டைட் என்னும் எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வு நாடு தழுவி நடத்தப்படுகிறது. அதற்கு அஞ்சும் மாணவர்கள் உங்களிடம்தான் வருவார்கள்.

பள்ளியில் பணியாற்றும்போதே பல்கலைக்கழகத்தில் மணிக்கணக்கு ஊதியத்துக்குப் பயிற்சி வகுப்புகள் எடுக்கலாம். விடுமுறை மாதங்களில் அந்த வருமானம் நின்றுவிடும் என்பதால், நிரந்தரப் பணி கிடைக்கும்வரை பள்ளிவேலையை விட்டுவிடாதீர்கள். இப்போதைக்கு, உங்கள் பி.எட். சான்றிதழையும் பாடவாரியான மதிப்பெண் பட்டியலையும் எடுத்துவைத்து, உங்கள் மாநிலத்தின் ஆசிரியர் பதிவு அமைப்புக்கு விண்ணப்பியுங்கள்.