சம்ப்பு மூடியும் ராஜாஜியும்

அன்புள்ள ஐயா,

அரசு ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். அரசாங்கத்தின் மேல் உங்களுக்கு ஏன் இத்தனை கரிசனம் என்று புரியவில்லை. நான் முப்பத்தைந்து வருடம் வங்கியில் இருந்து ரிட்டயர் ஆனவன். சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக்கொண்டார்கள். பிப்ரவரியில் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரிதான். இரண்டு நாளுக்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம். இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்ததுபோக எழுபதாயிரம் கையிலிருந்து கட்டினேன். இதில் அரசாங்கம் எனக்கு என்ன செய்தது?

செய்யாமலும் இல்லை. போன மாதம் மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, என் சம்ப்பு (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) மூடியைத் தூக்கிப் பார்த்து, "புழு இருக்கு சார், அபராதம் போடுவாங்க" என்கிறார். என் வீடு, என் சம்ப்பு. ஹெல்மெட் போடு என்கிறது அரசு. அதே அரசு தெருமுனையில் சாராயம் விற்கிறது. பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி அன்றைக்கே சொன்னார். போலீஸ், கோர்ட், ரோடு, இந்த மூன்றோடு அரசு நிறுத்திக்கொள்ளட்டும். ஏழைகளுக்கு ஆளுக்கொரு இன்சூரன்ஸ் கார்டைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிகளை இழுத்து மூடிவிடலாம்.

பி.கு.: என் மனைவிக்குத் தினமும் பி.பி. மாத்திரை. மாதம் என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

ஆர்.எஸ்., நங்கநல்லூர்

*

அன்புள்ள ஆர்.எஸ். அவர்களுக்கு,

ராஜாஜியை நீங்களே கூப்பிட்டுவிட்டதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டுக்குள் வந்து சம்ப்பு மூடியைத் தூக்கும் அதிகாரம் அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனால், 1939-ஆம் வருடத்து மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டத்தில் போய் முட்டும். இந்தியாவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் போட்ட மாகாணம் நம்முடையது. கொசு ஒழிப்புக்கென்றே அதில் ஒரு அத்தியாயம் உண்டு. அப்போது மாகாணப் பிரதமர் (முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) ராஜாஜி. சுகாதார மந்திரி டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். சேலத்தில் 1937-இல் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும், அதனால் விழுந்த துண்டை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டவரும் இதே ராஜாஜிதான்.

நீங்கள் நினைக்கும் சுதந்திராக் கட்சி ராஜாஜி 1959-இல் வந்தவர். இருபது வருடத்தில் மனிதர் மாறிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆலை வைக்கவும் இயந்திரம் வாங்கவும் டெல்லியில் போய்க் காத்துக் கிடப்பதைத்தான் அவர் எதிர்த்தார். கொசுவுக்குச் சுதந்திரம் கேட்கவில்லை.

"என் வீடு, என் சம்ப்பு" என்பது சுவருக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்பது வரைக்கும் செல்லும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். சரியாக மூடாத சம்ப்பு, பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, இதெல்லாம் அதற்கு மாளிகை. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்தப் பெண் வாரத்துக்கு ஒருமுறை வருவது இந்தக் கணக்கில்தான். பறக்கத் தொடங்கினால் அது உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்காது, நாலு வீடு தள்ளி இருக்கும் குழந்தையையும் கடிக்கும். எங்கள் தெருவுக்கும் ஒருவர் வருகிறார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் மருந்து பாட்டில். ஒப்பந்த ஊழியர். வெயிலில் ஐம்பது அறுபது கேட்டைத் தட்டிவிட்டு எங்கள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். உங்கள் கடிதத்தில் அரசாங்கம் என்று வந்து நிற்பது இவர்தான் என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

டாஸ்மாக் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. ஒரு கையால் பாட்டிலை நீட்டிவிட்டு மறு கையால் கல்லீரல் வார்டு நடத்துகிறது. இதற்குச் சமாதானம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை.

அரசாங்கம் எனக்கு என்ன செய்தது என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கிக்காரரான உங்களுக்குப் பிடிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்கு முன் அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தைத் துறை துறையாகத் தனித்தனியே வாங்கிக்கொண்டிருந்தார்கள். கழகம் வந்தபின் மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். கம்பெனிப் பெயர் கிடையாது, மருந்தின் பெயர்தான். வந்த சரக்கின் மாதிரியை, யார் தயாரித்தது என்பதை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். அப்புறம் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருடத்துக்கு இவ்வளவு என்று வரவு வைத்துவிட்டு, மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரி கழகங்களை அமைத்தன. அந்த மாத்திரை அட்டைகளில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் சுருக்குப் பையில் பார்த்திருப்பீர்கள்.

அது ஏழைகளுக்குத்தானே, எனக்கு என்ன என்பீர்கள். சரி. உங்கள் வயதில் நண்பர்கள் நாலு பேருக்காவது நெஞ்சில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) இருக்கும். மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதன் உச்சவிலையை ரூ.29,600 என்று கட்டியது. ஆஸ்பத்திரிகள் பில்லில் வேறு இனங்களை ஏற்றிவிட்டன என்ற புகார் அப்போதே வந்தது. இருந்தாலும் ஸ்டென்டின் விலை இறங்கியது இறங்கியதுதான்.

நம் ஊரிலேயே நடந்தது இன்னொன்று. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் என்று ஒரு மருந்து. நோவார்ட்டிஸ் கம்பெனி அதை கிளிவெக் என்ற பெயரில் விற்றது, மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். இந்தியக் கம்பெனிகளின் மருந்து விலை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்டால் கூடுதல் பலன் இருக்கிறதென்று காட்ட வேண்டும் என்று நம் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் காட்டி 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனது, 2007-இல் தோற்றது. 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றது. அரசு இதற்காக ஒரு வார்டு கட்டவில்லை, ஒரு ஊசி வாங்கவில்லை. ஒரு அதிகாரி கோப்பில் 'முடியாது' என்று எழுதினார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விற்காமல் தப்பின. உங்கள் மூன்று அம்சத் திட்டத்தில் அந்த அலுவலகத்துக்கு எங்கே இடம் என்று யோசித்துப் பாருங்கள்.

கத்தரிக்காயை நாம் அமுக்கிப் பார்த்து வாங்குகிறோம். உங்கள் மனைவியின் ஆபரேஷனுக்கு முன் எந்த ஆஸ்பத்திரியில் என்ன விலை என்று நாலு இடம் ஏறி இறங்கினீர்களா? மாட்டீர்கள். வலியில் துடிப்பவரை ஆட்டோவில் வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேசுவதில்லை. என்ன தேவை என்று முடிவுசெய்பவரும் அதை விற்பவரும் அங்கே ஒரே ஆள். இதை 1963-லேயே கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எழுதிவிட்டார்.  வைத்தியம் மற்ற சரக்குபோல் இல்லை என்றார்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். இனி அரசு ஆஸ்பத்திரிக்காகப் பேசும் என் பக்கத்து ஆட்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டும்.

2016 மழைக்காலம். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நகரத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். எக்ஸ்ரே ஒரு கட்டடத்தில், வார்டு இன்னொன்றில், நடுவே ஒரு சாய்தளம். ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவர் சரியாகப் பாதி ஏற்றத்தில் நிறுத்தினார். வண்டி பின்னால் உருளாமல் இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சும்மா தொங்கவிட்டபடி, என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. மேலே படுத்திருந்த அப்பாதான், "குடுத்துடுடா" என்றார். கொடுத்தேன். நூறு ரூபாய். வண்டி நகர்ந்தது.

வார்டில் அடுத்த கட்டிலில் திருத்தணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அவருடைய எக்ஸ்ரே படம் மஞ்சப்பையில் சுருட்டி வைத்திருந்தது. அப்பா வாத்தியாராக இருந்தவர், தலைமாட்டில் இங்கிலீஷ் பேப்பர் கிடக்கும். நர்ஸ் அவரிடம், "திரும்பிப் படுங்க சார்" என்பார். அதே மூச்சில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "ஏய் பெருசு, திரும்பு". பெரியவர் திரும்புவார். பத்து நாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே வார்டில்தான், முந்தின நாள் காலையிலிருந்து தூங்காத ஒரு பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும்) டாக்டர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து அப்பாவின் காலில் எடை கட்டிவிட்டுப் போனார். ஆபரேஷன் நன்றாக நடந்தது. பில் கிடையாது. அப்பா அதன்பிறகு ஏழு வருடம் தெருமுனை டீக்கடை வரை தானாக நடந்து போய்வந்தார்.

என் கணக்கு இதுதான், ஆர்.எஸ். ஏழு கோடிப் பேருக்கு மொத்தமாகச் செய்ய வேண்டியதை, அதாவது மருந்து வாங்குவது, கொசுவை எண்ணுவது, விலையைக் கட்டுவது போன்றவற்றை, இந்த அரசு நன்றாகவே செய்கிறது. எதிரில் நிற்கும் ஒற்றை ஆளிடம்தான் தடுமாறுகிறது. நீங்கள் ஒற்றை ஆளுக்கு நடப்பதைக் காட்டி மொத்தத்தையும் மூடச் சொல்கிறீர்கள். எங்கள் ஆட்களோ சாய்தளத்து நூறு ரூபாயைப் பற்றிக் கேட்டால் சிசு மரண விகிதத்தை எடுத்து நீட்டுகிறார்கள். பாதி ஏற்றத்தில் நிற்பவனிடம் புள்ளிவிவரம் பேசுவதும் ஒருவகைத் திமிர்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நூறு ரூபாயைப் பற்றி நான் ஒரு புகார் எழுதவில்லை. மூன்று வருடம் கழித்து அம்மாவுக்கு ஆஸ்பத்திரி தேவைப்பட்டபோது தனியாருக்குத்தான் போனேன். மனு எழுதத் தெரிந்தவன், ஆர்.டி.ஐ. போடத் தெரிந்தவன், சத்தம் போடத் தெரிந்தவன் எல்லாரும் இப்படி வெளியே வந்துவிட்டோம். உள்ளே "ஏய் பெருசு" என்றால் திரும்பிப் படுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கார்டு விஷயம். அது ஏற்கெனவே இருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, இப்போது குடும்பத்துக்கு வருடம் ரூ.5 லட்சம். நல்ல திட்டம். ஆனால் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் வைத்தியத்துக்குத்தான் அது. தினமும் விழுங்கும் மாத்திரையை அது பார்ப்பதில்லை. ஏழைக் குடும்பத்தின் மாதச் செலவைத் தின்பது அந்த மாத்திரை. அப்புறம், இந்தக் கார்டின் ரேட்டுக்குத் தனியார் ஒத்துக்கொள்வதற்கு ஒரு காரணம், அதே ஆபரேஷனைச் சும்மா செய்ய ஜி.எச். ஒன்று இருப்பது. அதை இழுத்து மூடினால் அடுத்த வருடம் ரேட்டை யார் சொல்வார்கள்? உங்கள் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தை யார் சொன்னார்களோ அவர்களேதான்.

உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். பி.பி. மாத்திரைக்கு மாதம் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும், நானும் சாப்பிடுகிறேன். போன வருடம் வரை மருந்துக்கடையில் வாங்கினேன். இப்போது எங்கள் வார்டின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குகிறேன். வருமானச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை, வங்கியில் ரிட்டயர் ஆனவருக்கும் கொடுப்பார்கள். நடக்க முடியாதவர்களுக்கு 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மனைவியை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரையின் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள், அங்கே கம்பெனிப் பெயர் சொன்னால் பார்மசிஸ்ட் முழிப்பார். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், எங்கள் நிலையத்தில் அன்றைக்கு உட்கார பெஞ்ச் கிடைக்காது. உங்கள் பக்கத்திலும் அப்படியா என்று பார்த்து எழுதுங்கள். இரண்டாவது பெஞ்சுக்கு நான் கொடுத்த மனு மூன்று மாதமாக அப்படியே கிடக்கிறது.