இருமல் எத்தனை நாள் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கணவருக்குச் சளி பிடித்துக் குணமான பிறகும் மூன்று வாரமாக வறட்டு இருமல் மட்டும் விடவில்லை என்றும், காய்ச்சல் இல்லாததால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று அவர் தள்ளிப்போடுவதாகவும் காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். பெரிய நோய் என்று பயந்து சொல்லவில்லை. இரண்டு வாரத்தைக் கடந்த இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்து பார்ப்பதே நம் நாட்டு நடைமுறை; அவர் அந்த எல்லையைத் தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டது.

நான் மருத்துவர் அல்லன். பாலக்கோட்டுப் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். என் அப்பாவின் இருமலை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அலட்சியப்படுத்தியதால் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

சாதாரணச் சளிக்குப் பின் வரும் இருமல் சராசரியாக இரண்டரை வாரம் வரை இருக்கும் என்பதும், மூச்சுக்குழாயின் உட்புறம் புண்பட்டு ஆறும் வரை சிலருக்கு எட்டு வாரம் கூட நீடிக்கலாம் என்பதும் உண்மைதான். ஆகவே உங்கள் கணவருக்கும் அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்கு எட்டு வாரம் தாண்டினால்தான் நாட்பட்ட இருமல் என்று மேலைநாட்டு மருத்துவ நூல்கள் வகுத்திருக்கின்றன. இணையத்தில் தேடினால் அந்தக் கணக்குதான் முதலில் கண்ணில் படும். ஆனால் உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இருக்கும் நாட்டில் எட்டு வாரம் காத்திருப்பது சரியாகாது. அதனால்தான் தேசிய காசநோய்த் திட்டம் இரண்டு வாரத்தை எல்லையாக வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் வந்தாலும், இருமலோடு இரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மாலையில் ஏறும் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, காரணமில்லாமல் உடல் மெலிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் நாள் எண்ண வேண்டியதில்லை, உடனே போக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரத்தம் அதிகமாக வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

அப்பாவுக்கு இவற்றில் எதுவும் கண்ணுக்குத் தெரியும்படி இல்லை. அவருக்கு அப்போது 61 வயது. தக்காளியும் கேழ்வரகும் போடும் விவசாயி. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மார்கழிப் பனியில் விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனவருக்கு இருமல் வந்தபோது, "பனிக்கு வந்தது, தை பொறந்தா தானா போயிடும்" என்று அவரே சொன்னார். அம்மா தூதுவளை ரசம் வைத்தார், சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் போட்டார். அது தொண்டைக்கு இதமாக இருந்ததால் இருமல் குறைகிறது என்று நம்பினோம். நான் மருந்துக் கடையில் அடுத்தடுத்து மூன்று பாட்டில் இருமல் மருந்தும், ஒருமுறை ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். அது தவறு என்று பிறகு தெரிந்துகொண்டேன். சில ஆன்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். நோயாளி தேறுவது போலத் தோன்றும், நோய் கண்டுபிடிக்கப்படுவது மட்டும் தள்ளிப்போகும்.

முதலில் கவனித்தவர் அம்மாதான். ஒருநாள் அப்பா குளித்துவிட்டு வரும்போது அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் கீழே இறங்கி நின்றது. புதுக் கயிறு கட்டி ஒரு வருடம் கூட ஆகவில்லை. எடை பார்க்கும் பழக்கம் இல்லாத வீட்டில் அந்தக் கயிறுதான் எங்களுக்கு எடைக்கருவியாக இருந்தது.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். "எத்தனை நாளா இருமல்?" என்று மருத்துவர் கேட்டார். அப்பா பத்து நாள் என்றார். அம்மா பொங்கலுக்கு முன்பிருந்தே என்றார். என் அண்ணன் ஒரு மாதம் இருக்கும் என்றார். ஒரே வீட்டில் ஒரே கூரையின் கீழ் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேருக்கு மூன்று கணக்கு. வீட்டுக்கு வந்தபின் அம்மாவின் பால் கணக்கு நோட்டைப் புரட்டினேன். தினமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவது அப்பாதான்; அவர் போகாத முதல் நாளில், லிட்டர் கணக்குக்குப் பக்கத்தில் "அவருக்கு இருமல், நான் போனேன்" என்று அம்மா எழுதி வைத்திருந்தார். தேதி 2023 ஜனவரி 3. நாங்கள் மருத்துவரைப் பார்த்தது பிப்ரவரி 24. எண்ணிப் பார்த்தால் 52 நாள். இரண்டு வாரத்தில் போயிருந்தால் 38 நாள் மிஞ்சியிருக்கும். அந்த நாள்களில் அண்ணன் மகள், நான்கு வயதுக் குழந்தை, தாத்தாவின் போர்வைக்குள்தான் தூங்கினாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அதனால்தான் யார் கேட்டாலும் இதைச் சொல்கிறேன்: வீட்டில் யாருக்காவது இருமல் தொடங்கினால், அன்றைக்கே மாதக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு ஆளின் பெயரை எழுதுங்கள். பதினான்காவது நாளிலும் இன்னொரு வட்டம் போடுங்கள். இருமல் என்பது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காதுக்குப் பழகிவிடும் சத்தம். நம் நினைவை நம்பினால் அது எப்போதும் குறைத்தே சொல்லும்.

பரிசோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் பலர் அதற்குப் பயந்தே தள்ளிப்போடுவதால் சொல்கிறேன். மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பாக்கள் இரண்டு கொடுத்தார்கள். ஒன்று அங்கேயே, மற்றொன்று மறுநாள் காலை எழுந்ததும் எடுத்துவர வேண்டும். அப்பா முதலில் துப்பியது வெறும் எச்சில். நுரைத்துத் தண்ணீராக இருந்ததைப் பார்த்த பணியாளர், வாயை வெறும் நீரால் கொப்பளிக்கச் சொல்லி, வெளியே மரத்தடியில் நிறுத்தி, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து இருமச் சொன்னார். அப்போது வந்தது கெட்டியான, மஞ்சள் நிறச் சளி. எச்சிலைக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும் என்பதால் இதில் அவசரப்படக் கூடாது. உங்கள் கணவருக்கு வறட்டு இருமல் என்பதால் சளி வராமல் போகலாம். அதையும் அங்கே சொல்லுங்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

அப்பாவுக்குக் காசநோய் உறுதியானது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். ஆறு மாத மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தது. சத்துணவுக்காக அப்போது மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனபோது அப்பா பயந்துவிட்டார். மாத்திரையின் நிறம்தான் அது என்று செவிலியர் விளக்கியபின் அமைதியானார். வீட்டில் எங்கள் எல்லோரையும் பரிசோதித்தார்கள். குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஆவணியில் அப்பாவின் சிகிச்சை முடிந்தது. இப்போது அவர்தான் மறுபடியும் பால் ஊற்றப் போகிறார்.

எல்லா இருமலும் காசநோய் ஆகாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று மாதமாகத் தொண்டையில் கூசுவது போல வறட்டு இருமல். சளி பரிசோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியில் அவர் எடுத்துக்கொண்டிருந்த எனலாப்ரில் என்னும் இரத்த அழுத்த மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தது. வேறு மாத்திரைக்கு மாற்றிய சில வாரங்களில் இருமல் நின்றது. ராமிப்ரிலுக்கும் இந்தக் குணம் உண்டு. மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்துக்கூட இருமல் வரலாம் என்பதால் யாரும் இரண்டையும் சேர்த்து யோசிப்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இப்போது பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் பணியாளரிடம் இருமலைப் பற்றியும் சொல்லலாம். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளி, புகைப்பழக்கம், விறகடுப்புப் புகை ஆகியவையும் இருமலை இழுத்துக்கொண்டே போகும். கல் குவாரியிலோ கிரானைட் பட்டறையிலோ வேலை பார்ப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்தவர்களுக்குக் காசநோயும் எளிதில் ஒட்டும். உங்கள் கணவர் ஓசூரில் ஆலை வேலைக்குப் போகிறவர் என்று எழுதியிருப்பதால், அங்கே தூசியோ இரசாயன வாடையோ உண்டா, விடுமுறை நாளில் இருமல் குறைகிறதா என்று கவனித்து வையுங்கள். குழந்தைகள் விஷயம் தனி. நிலக்கடலை தின்றுகொண்டிருந்த குழந்தை திடீரென்று புரையேறி இருமத் தொடங்கினால், பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். பிறகு இருமல் அடங்கிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நாளைக் காலையே கிளம்புவதாக இருந்தால், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், இதுவரை குடித்த இருமல் மருந்துப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். சளி பிடித்தது எந்த நாள் என்று இன்றிரவே இருவரும் உட்கார்ந்து யோசித்து, ஒரு துண்டுத் தாளில் அந்தத் தேதியை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.