வெள்ளைப் புள்ளியா, வெல்வெட்டா? கடல்மீன் நோய்க் கேள்விகளுக்குப் பதில்கள்

உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் நோய் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் "என்ன மருந்து போடலாம்?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. மீனுக்கு என்ன ஆயிற்று என்று எழுதியவர்கள் குறைவு. நான் மருத்துவன் இல்லை. 14 வருடமாகக் கடல்மீன் வளர்க்கிறேன். அதில் முதல் நான்கு வருடம் மீனைச் சாகவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அந்த அளவுக்கு மட்டும் என்னை நம்பலாம்.

அண்ணா, டோரி மீன் மேலே உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. மருந்தே போடவில்லை. சரியாகிவிட்டதா? (வேளச்சேரி)

சரியாகவில்லை. புள்ளி உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதைக் கடல் இக் என்பார்கள். கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் மூன்று முதல் ஏழு நாள் தின்று கொழுக்கும். அந்தக் கட்டத்தைத்தான் நாம் புள்ளியாகப் பார்க்கிறோம். பிறகு மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். உள்ளேயே பிரிந்து பிரிந்து, ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் நீந்தி வரும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைத்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் செத்துப்போகும். உங்கள் தொட்டியில் மீன் எங்கே போய்விடப் போகிறது?

அதனால் அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ புள்ளிகள் திரும்ப வரும், முதல் தடவையைவிட அதிகமாக. "கடைக்காரர் கொடுத்த பாட்டிலை ஊற்றினேன், மூன்றே நாளில் புள்ளி போய்விட்டது" என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் மூன்று நாளில் போயிருக்கும்.

மீனை இப்போதே வேறு தொட்டிக்கு மாற்றி வைத்தியத்தைத் தொடங்குங்கள். எப்படி என்பது கீழே வருகிறது.

சார், மூன்று நாளில் ஆறு மீன் போய்விட்டது. உடம்பில் ஒரு புள்ளியும் இல்லை. அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். ஒரு கிளவுன் மீனும் ஒரு ராயல் கிராமா மீனும் மிச்சம். கிளவுன் வேவ்மேக்கர் (தண்ணீரை ஓடவிடும் பம்ப்) முன்னாலேயே நிற்கிறது. (மதுரை)

வேவ்மேக்கர் முன்னால் நிற்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும். மூச்சுக்குத் திண்டாடும் மீன்தான் ஓடும் தண்ணீரை நேராக வாயில் வாங்கப் போகும். வெல்வெட் என்று சந்தேகிக்கிறேன். அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி. இது முதலில் செவுளில் உட்காரும். தோலில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வருவதற்குள் மீனின் கதை முடிந்திருக்கும். இக் வாரக்கணக்கில் இழுக்கும், வெல்வெட் நாள்கணக்கில் முடித்துவிடும். என்னுடைய முதல் தொட்டியில் ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பது மீன் இருந்தது, திங்கள்கிழமை காலை ஒன்றுமில்லை. நானும் அப்போது உடம்பில் புள்ளியைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

உறுதி செய்ய ஒரு வழி சொல்கிறேன். அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து மீன் மேல் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாது. இக் புள்ளி உப்புக்கல் மாதிரி தனித்தனியாக, எண்ணக்கூடியதாக இருக்கும். வெல்வெட் அப்படி இருக்காது, மைதாவை ஊதிவிட்டதுபோல மெல்லிய தூசியாக மினுங்கும். துடுப்பின் ஓரத்தில் முதலில் பாருங்கள்.

அப்புறம் மூச்சை எண்ணுங்கள். செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை திறந்து மூடுகிறது? என் தொட்டி மீன்கள் ஓய்வாக இருக்கும்போது பெரும்பாலும் 60 முதல் 90 வரை. 120ஐத் தாண்டினால் எனக்குத் தூக்கம் வராது. இனத்துக்கு இனம் மாறும் என்பதால், மீன் நன்றாக இருக்கும் நாளிலேயே எண்ணிக் குறித்து வைப்பது நல்லது.

எண்ணிப் பார்த்துவிட்டு இன்றே எழுதுங்கள். நாளை வரை தள்ளாதீர்கள்.

தாமிரம்தான் மருந்து என்கிறார்கள். உரக்கடையில் மயில்துத்தம் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் காப்பர் சல்பேட்தானே? (ஈரோடு)

அதேதான். இக்குக்கும் வெல்வெட்டுக்கும் தாமிரம் வேலை செய்யும் என்பதும் உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள். மயில்துத்தத்தின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்குதான் தாமிரம். தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் தாமிரம் வேண்டும். அப்படியானால் 100 லிட்டர் தொட்டிக்கு மயில்துத்தம் 80 மில்லிகிராம். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 0.15க்குக் கீழே போனால் ஒட்டுண்ணி சாகாது, 0.25ஐத் தாண்டினால் மீனுக்கே ஆபத்து. கைக்கணக்கில் போடுகிற சரக்கா இது? போதாததற்கு, வயலுக்கென்று விற்கும் சரக்கில் வேறு என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது.

மீனுக்கென்று விற்கும் கீலேட் செய்த (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) தாமிரத்தை வாங்குங்கள். அதன் அளவே வேறு, பெரும்பாலும் லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். சாதாரணத் தாமிரத்தின் கணக்கையும் இதன் கணக்கையும் குழப்பிக்கொண்டு மீனைக் கொன்றவர்கள் நிறையப் பேர். பாட்டிலில் உள்ளதைப் படியுங்கள். இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, 30 நாள் அந்த அளவிலேயே நிறுத்துங்கள். தாமிரம் அளக்கும் டெஸ்ட் கிட் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் கிட்டை வாங்குங்கள், மருந்தை அப்புறம் பார்க்கலாம்.

என்னுடையது ரீஃப் தொட்டி. பவளம், இறால், நத்தை எல்லாம் இருக்கின்றன. இக்குக்குப் பூண்டுச் சாறும் கிளீனர் இறாலும் போதும் என்கிறார்களே? (கோவை)

பூண்டு வாசனைக்கு மீன் தீனி எடுக்கலாம். ஒட்டுண்ணி சாகாது. கிளீனர் இறால் மீனைச் சொறிந்துவிடும், தோலுக்கு அடியில் இருப்பதை எடுக்காது. தாமிரம் போட்டாலோ இறாலும் நத்தையும்தான் முதலில் சாகும், பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

எல்லா மீனையும் வெளியே எடுத்து வைத்தியம் பார்ப்பதுதான் வழி. "நோய் வந்ததை மட்டும்" என்று கேட்காதீர்கள், எல்லாவற்றையும். ரீஃப் தொட்டி 76 நாள் மீனே இல்லாமல் கிடக்கட்டும். ஒரு கூடு பிளக்க 72 நாள் வரை எடுத்ததாக ஆய்வுப் பதிவு உண்டு, அதிலிருந்து வந்த கணக்கு இது. பெரும்பாலானவை அதற்கு வெகு முன்பே பிளந்துவிடும் என்றாலும், அறுபதாம் நாள் ஆசைப்பட்டு மீனை விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவன் நான்.

புதிதாக வாங்கிய நீமோ ஜோடி. உடம்பு முழுக்க வெள்ளையாகச் சளி உரிகிறது. தாமிரம் போட்டு இரண்டு நாள் ஆயிற்று, மாற்றமே இல்லை. (கொழும்பு)

மாற்றம் வராது. கிளவுனில், அதாவது நீமோவில், இப்படிச் சளி உரிந்தால் நான் முதலில் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியைத்தான் நினைப்பேன். தாமிரம் அதை ஒன்றும் செய்யாது. ஃபார்மலின் குளியல்தான் வேண்டும். 37 சதவீத ஃபார்மலினை 10 லிட்டர் கடல்தண்ணீருக்கு 1.5 மில்லி கலந்து, காற்றுக்கல்லை முழு வேகத்தில் ஓடவிட்டு, 30 முதல் 45 நிமிடம். இதைவிடக் கூடுதல் அளவும் எழுதியிருப்பார்கள். அது குளிர்ந்த தண்ணீருக்கு, நம் ஊர் வெப்பத்துக்கு வேண்டாம். மீன் சாய்ந்தால் நேரம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். குளித்த மீன் பழைய தண்ணீருக்குத் திரும்பக் கூடாது, வேறு சுத்தமான தொட்டிக்குத்தான் போகவேண்டும். பாட்டில் அடியில் வெள்ளை வண்டல் இருந்தால் அந்த ஃபார்மலினைத் தொடாதீர்கள், அது மீனுக்கு நஞ்சு. உங்களுக்கும் கையுறை வேண்டும், ஜன்னல் திறந்திருக்கவேண்டும்.

பட்டர்ஃப்ளை மீன் பாறையில் உடம்பைத் தேய்க்கிறது, ஒரு கண் மங்கலாக இருக்கிறது. புள்ளி இல்லை. (திருச்சி)

தட்டைப்புழுவாக இருக்கலாம், ஃப்ளூக் என்பார்கள். நன்னீர்க் குளியல் கொடுத்தால் விடை கையிலேயே கிடைக்கும். ஆர்.ஓ. தண்ணீரை ஒரு கருநீலப் பேசினில் எடுத்து, வெப்பத்தைத் தொட்டியோடு சமப்படுத்தி, கொஞ்சம் ஆப்ப சோடா போட்டு பி.எச்.சை 8க்குப் பக்கம் கொண்டுவாருங்கள். காற்றும் ஓடட்டும். மீனை விட்டு ஐந்து நிமிடம், பக்கத்தை விட்டு நகராமல். உடம்பில் கண்ணாடிபோல ஒட்டியிருந்தவை வெள்ளையாக மாறி, பேசின் அடியில் எள் உதிர்ந்ததுபோல விழும். முதல் தடவை பார்க்கும்போது வயிற்றைப் புரட்டும்.

விழுந்தால் பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், தனித் தொட்டியில். முட்டையை அது கொல்லாது என்பதால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. எதுவும் விழாமல் ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் எங்காவது மோதியிருக்கும். சுத்தமான தண்ணீரில் தானாக ஆறும்.

ஏஞ்சல் மீனின் துடுப்பில் காலிஃப்ளவர்போல ஒரு கட்டி. (சிங்கப்பூர்)

லிம்ஃபோசிஸ்டிஸ், வைரஸ். மருந்து கிடையாது, தேவையும் இல்லை. நன்றாகத் தீனி போடுங்கள், சில வாரங்களில் உதிரும். பிளேடால் வெட்டச் சொன்ன நண்பரை மீன் பக்கம் விடாதீர்கள்.

பீச் தண்ணீர் எடுத்துப் பயன்படுத்துகிறேன். அதனால் நோய் வருமா? (சென்னை)

எனக்கு அதில் பெரிய கவலை உப்பின் அளவுதான். வடகிழக்குப் பருவமழையில் அடையாறும் கூவமும் கடலில் கொட்டும்போது கரையோரத் தண்ணீரின் உப்பு வெகுவாக இறங்கும், சாக்கடையும் சேர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் எடுக்கவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் ஊற்றாதீர்கள். மீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டிவிட்டால் போதாது, 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புத் திரவத்தில் சரிபார்க்கவேண்டும். மற்றபடி, நோய் பெரும்பாலும் புது மீனோடும் அது வந்த பைத் தண்ணீரோடும் வரும். சில சமயம் பாறையிலும் நத்தை ஓட்டிலும் ஒட்டிய கூடாக.

தனித் தொட்டி என்றால் எவ்வளவு செலவு? வீட்டில் ஏற்கெனவே திட்டு. (ஆவடி)

80 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், காற்று மோட்டார், ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பி.வி.சி. பைப். கொளத்தூர் மீன் சந்தைக்கு ஒரு நடை போனால் முடிந்தது. மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஸ்பாஞ்சை மட்டும் இன்றே பெரிய தொட்டியின் சம்ப்பில் (வடிகட்டும் கீழ்த்தொட்டியில்) போட்டு வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பாக்டீரியா ஏறிவிடும். இல்லையென்றால் நோயில் பிழைத்த மீன் அமோனியாவில் சாகும். கரண்ட் போனால் ஓடும் பேட்டரி மோட்டாரையும் வாங்கிவிடுங்கள், திட்டோடு திட்டாக.

சார், மதுரை மறுபடி. டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளவுனின் வாலில் நீங்கள் சொன்ன மாவு இருக்கிறது. மூச்சு 148. கிராமா 96, இன்னும் சாப்பிடுகிறது.

அப்படியென்றால் வெல்வெட்தான். இரண்டையும் இன்று ராத்திரியே எடுங்கள். முதலில் மேலே சொன்ன நன்னீர்க் குளியல் ஐந்து நிமிடம், செவுளுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். பிறகு தாமிரத் தொட்டிக்கு. இக்குக்குச் சொன்னதுபோல மூன்று நாள் ஏற்ற உங்களுக்கு நேரமில்லை, 24 மணி நேரத்துக்குள் முழு அளவு வந்துவிடட்டும். விளக்கு வேண்டாம், காற்று நிறைய. கிளவுன் பிழைக்குமா என்று கேட்டால் பாதிக்குப் பாதிகூடச் சொல்லமாட்டேன். கிராமா சாப்பிடுகிறது என்கிறீர்கள், அதை நம்பித்தான் இவ்வளவும். இக்குக்குச் சொன்ன 76 நாள் இங்கே வேண்டாம், பழைய தொட்டியில் ஆறு வாரம் மீன் விடாதீர்கள், அங்கே நனைத்த வலையை இங்கே நனைக்காதீர்கள். காலையில் இரண்டின் மூச்சையும் எண்ணி எழுதுங்கள்.