மட்டக்களப்பின் சனநெரிசல் இல்லாத பக்கங்களைச் சைக்கிளிலும் படகிலும் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். சொல்லப்போனால் இந்த ஊரை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பாசிக்குடாவும் கோட்டையும் பார்த்தாயிற்று, கல்லடிப் பாலத்தில் படம் எடுத்தாயிற்று, இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கிறது, சுற்றுலாக்காரர் போகாத இடம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆரையம்பதிக்காரன். அம்மாவின் ஊர் அம்பிளாந்துறை. சின்ன வயதிலிருந்து இந்த இரண்டு ஊருக்கும் இடையில் சைக்கிளிலும் பாதையிலும் (ஆற்றைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றுகிற மிதவைப் படகை இங்கே பாதை என்போம்) திரிந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். நாங்கள் பேச்சில் அதை ஆறு என்றுதான் சொல்வோம். அதற்குக் கிழக்கே, கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நீளமான மணல் நிலம், அது எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கல்முனை வீதியில் போகும். மேற்கே வயலும் குளமும் மாட்டுப்பட்டியுமாக இருப்பது படுவான்கரை. பஸ் பெரும்பாலும் வடக்குத் தெற்காகத்தான் ஓடும். ஆனால் இரண்டு கரைச் சனங்களின் கொடுக்கல் வாங்கல், கலியாணம், கோயில் திருவிழா எல்லாம் ஆற்றைக் கடந்துதான் நடக்கும். பஸ்ஸில் மட்டும் போகிறவருக்கு ஊரின் பாதி தெரியாமலே போய்விடும்.

அதனால் என் யோசனை இது. சுற்றுலாப் படகு எடுப்பதென்றால் எடுங்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் சனங்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற பாதையில் ஒரு தரமாவது சைக்கிளை ஏற்றி அக்கரை போய்வாருங்கள்.

முதல் நாளை நகரத்துக்கு வையுங்கள். விடிய ஆறு மணிக்கெல்லாம் புளியந்தீவுக்குள் இறங்கிவிட வேண்டும். சுற்றிவர ஆறு, நடுவில் பழைய நகரம். 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அதை விட்டுவிட்டு ஆற்றங்கரையோரமாகச் சைக்கிளை விடுங்கள். மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1814இல் இங்கே வந்து இறங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடக்கிவைத்த பள்ளிக்கூடம். பக்கத்துத் தெருக்களில் மரியன்னை பேராலயம், ஆனைப்பந்திப் பிள்ளையார், பள்ளிவாசல் எல்லாம் சைக்கிளில் சில நிமிடத் தூரத்தில். பள்ளிக்கூட வான்கள் வரத்தொடங்குமுன் ஒரு சுற்றுப் போய்விட்டால் தெருவில் கோயில் மணியும் ஆட்கள் முற்றம் கூட்டுகிற சத்தமும்தான் கேட்கும்.

அப்புறம் கல்லடி. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தாலேயே போங்கள். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபின் பெரிய வாகனத் தொல்லை அதில் இல்லை. பாலத்தில் நின்று தூண்டில் போடுகிறவர்களோடு கொஞ்சம் கதைத்தால் ஆற்றில் என்ன மீன் படுகிறது என்று சொல்வார்கள். இந்த ஆற்றில் பாடும் மீன் உண்டு என்பார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் அது பகலில் ஆகிற காரியம் இல்லை. நிலாக் காலத்தில், ஊர் அடங்கிய பிறகு, தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைக்க வேண்டும் என்பார்கள்.

பாலம் கடந்ததும் உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. காரைதீவில் பிறந்து, யாழ்நூல் எழுதி, 1947இல் மறைந்தவர். அவர் வளர்த்த சிவானந்தா வித்தியாலயத்துக்குப் பக்கத்திலேயே. ஐந்து நிமிடம் நின்று போங்கள்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பி, திருச்செந்தூர், டச்பார், நாவலடி என்று வடக்கே போகிற வழிதான் நகரத்துக்குள் எனக்கு மிகவும் பிடித்தது. போகப்போக நிலம் ஒடுங்கும். வலது கைப்பக்கம் கடல், இடது கைப்பக்கம் ஆறு. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் இந்த நிலத்தின் மேலால் ஏறி ஆற்றுக்குள் போனது. திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிந்தது அன்றைக்குத்தான். டச்பாரில் தலைமுறை தலைமுறையாக இருந்த, ஐரோப்பியர் வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் பலரை இழந்தன. நாவலடியில் அழிந்துபோன வீடுகளின் அத்திவாரங்கள் மணலுக்குள் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் அமைதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். நினைவுத்தூபியைக் கண்டால் இறங்கி நில்லுங்கள். வீட்டு வாசலில் இருப்பவர்கள் கதைக்க விரும்பினால் கதைப்பார்கள், நீங்களாகத் துருவ வேண்டாம்.

நிலம் முகத்துவாரத்தில் முடியும். எதிரே தெரிவது பாலமீன்மடு வெளிச்சவீடு, 1913இல் கட்டியது. கண்ணுக்கு எட்டிய தூரம், ஆனால் நடுவில் தண்ணீர். சைக்கிளில் என்றால் திரும்பி நகரத்துக்கு வந்து, அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலைக் கும்பிட்டு, அந்த வழியாகப் போக வேண்டும். வெளிச்சவீட்டடியில் கண்டல் காட்டுக்குள் கூட்டிப்போகிற படகுகள் இருக்கின்றன. பின்னேரம் நாலரை, ஐந்து மணிக்கு நல்லது. தில்லை மரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். பால் கண்ணில் பட்டால் பெரிய கரைச்சல்.

இரண்டாம் நாள்தான் முக்கியம். ஆரையம்பதி வரை கல்முனை வீதியில் போகாமல், முடிந்த அளவு ஆற்றோர ஒழுங்கைகளால் போங்கள். சில ஒழுங்கை ஆற்றில் போய் முட்டி நிற்கும், திரும்பி வர வேண்டியதுதான். ஆனால் அந்த முட்டுச் சந்தில்தான் வள்ளத்தை மரத்தில் கட்டிவிட்டு வலையைச் சீர்செய்கிற ஆட்களைப் பார்க்கலாம். காத்தான்குடிக்குள் வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், ஜும்ஆ நேரம் தெரு நிறைந்திருக்கும். மற்ற நேரம் வீதி நடுவில் பேரீச்சை மரங்களைப் பார்த்துக்கொண்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்.

ஆரையம்பதி தாண்டி மண்முனையில் மேற்கே திரும்பினால் பாலம். 2014க்கு முன் இங்கேயும் பாதைதான் ஓடியது. வருத்தக்காரரை ஏற்றிக்கொண்டு இரவில் துறையில் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால் பாலம் வந்ததில் எனக்கு முழுச் சந்தோஷம். பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தி இரண்டு பக்கமும் பாருங்கள்: இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தாங்கு என்கிற கைவலை போட்டு இறால் பிடிக்கிற ஆட்கள், கம்பு ஊன்றிப் போகிற தோணிகள், நீர்க்காகங்கள்.

அக்கரையில் இறங்கியதும் வெயில்கூட வேறு மாதிரி இருக்கும். வீதியின் இரண்டு பக்கமும் வயல், ஹோர்ன் சத்தம் இல்லை. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில் இறங்குங்கள். போர்த்துக்கீசத் தளபதி கோயிலை இடிக்க வந்தபோது கல் நந்தி எழும்பிப் புல் தின்றது என்று இங்கே சின்னப் பிள்ளையும் கதை சொல்லும். வழியில் மகிழடித்தீவில் நினைவுத்தூபி ஒன்று இருக்கிறது. 1987இலும் 1991இலும் இந்த ஊர்களில் நடந்த படுகொலைகளில் செத்தவர்களை இன்றும் வருடாவருடம் நினைவுகூருகிறார்கள். இதைச் சொல்லாமல் படுவான்கரையின் அழகை மட்டும் எழுத எனக்கு மனமில்லை.

அரசடித்தீவு வழியாகத் தெற்கே விட்டால் அம்பிளாந்துறை. வழியில் கடையில் முட்டித் தயிர் இருந்தால் சீனி போட்டுச் சாப்பிடுங்கள். எருமைத் தயிர், கரண்டி குத்தினால் நிற்கும். அம்பிளாந்துறைத் துறையில் பாதைக்கு நிற்க வேண்டும். அவசரப்படுகிறவர்களைப் பார்த்து, "இப்பதான் போனது மனே, இருங்க, வரும்" என்று யாராவது சொல்வார்கள். வரும். மிதவைக்கு மேல் தளம் அடித்து, ஓரத்தில் கம்பி வைத்து, எஞ்சின் பூட்டிய சாமான்தான். முதலில் மோட்டார் சைக்கிள்களை உருட்டி ஏற்றி நெருக்கி நிறுத்துவார்கள், பிறகு சைக்கிள், பிறகு ஆட்கள். பால் கேன், சோளன் மூட்டை, சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி அக்கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வருகிற ரீச்சர்மார். சைக்கிளை நிமிர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடி நில்லுங்கள். பாதை துறையை விட்டு விலகும்போது ஒரு குலுக்குக் குலுக்கும். லைஃப் ஜாக்கெட் தந்தால் போடுங்கள். நடு ஆற்றில் பார்த்தால் இரண்டு கரையும் தென்னை மரக் கோடு மாதிரித்தான் தெரியும். காசு சில்லறையாக வைத்திருங்கள். அக்கரையில் குருக்கள்மடம், அங்கிருந்து வடக்கே வந்தால் ஆரையம்பதி.

இன்னும் காலில் தெம்பு இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. குருக்கள்மடத்திலிருந்து தெற்கே களுதாவளை வெற்றிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு, களுவாஞ்சிகுடி தாண்டிக் குருமண்வெளித் துறை. அங்கிருந்து மண்டூருக்குப் பாதை. மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பூசை செய்கிற கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பேசாமல் பூசை செய்வார். கோயிலுக்குள் நீங்களும் வாயைத் திறக்காமல் நிற்பது மரியாதை. இந்தத் துறைக்கும் பாலம் வேண்டும் என்று ஊரவர்கள் பலகாலமாகக் கேட்கிறார்கள். அது அவர்களுக்கு வந்தே ஆக வேண்டும். பாதை அழகாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். பிள்ளைகள் மழைக்குள் துறையில் நனைந்து நிற்பதை அவர்கள் காண்பதில்லை.

சைக்கிள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தங்குகிற இடத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கு செய்து தருவார்கள். கியர் வேண்டாம், மேடு பள்ளமே இல்லை. கரியர் வைத்த பழைய லுமாலா சைக்கிள் போதும். மணல் ஒழுங்கையில் சில்லுப் புதைந்தால் இறங்கி உருட்டுங்கள். எழுவான்கரையில் ஒட்டுப்போடச் சைக்கிள் கடை கிடைக்கும், படுவான்கரை உள்ளூரில் தேட வேண்டிவரும், ஆகவே காற்றுப் பம்பு ஒன்று கொண்டுபோங்கள். கண்டல் ஓரமாக ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம், முதலை உண்டு. படுவான்கரையில் பொழுதுபடுமுன் திரும்பிவிடுங்கள். உள்ளுக்குள் போகப்போக யானை வரும்.

காலம் பார்த்து வருவது முக்கியம். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்றும் மழையும். வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை வெட்டிவிட்டுத் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள், வயல் வீதிகள் மூழ்கும், பாதையும் நிற்கும். மார்ச் முதல் செப்டம்பர் வரை நல்லது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெயில் கடுமை, ஆற்றிலும் அலை இருக்கும், அதனால் அக்கரைக்குப் போவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். எந்த மாதம் வந்தாலும் புறப்படுமுன் ஒரு கடையில் குருக்கள்மடத்துக்குப் பாதை ஓடுகிறதா, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். பிந்திவிட்டால் மண்முனைப் பாலம் வரை திரும்ப மிதிக்க வேண்டிவரும்.