மூவருக்குத் தண்ணீர், ஒருவருக்கு வீடு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 44 வயது, நர்ஸ் வேலை. வரும் செப்டம்பரில் கனடாவின் வடகோடியில், நுனாவுட்டில் இருக்கும் இக்காலுயிட் ஊருக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறேன். போகிறோம் என்று எழுத வேண்டும். வீட்டில் யாரும் அப்படிப் பேசாததால் எனக்கும் அப்படியே வருகிறது.

அந்த ஊருக்குச் சாலை கிடையாது. ஒட்டாவாவிலிருந்து மூன்று மணி நேரம் விமானத்தில் போக வேண்டும். கனமான சாமான்கள் கடல் பனி விலகும் கோடையில் கப்பலில் போகும். அதைத் தவறவிட்டால் விமானச் சரக்குக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். அதனால் ஒரு வருடத்துக்கு அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, சோப்பு எத்தனை என்று உட்கார்ந்து எழுதுவது நான். மரப்பெட்டிக்கு விசாரிப்பதும் நான். பட்டியல் ஆறு பக்கம் ஆகிவிட்டது. கணவர் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். 17 வருடமாக இதே பதில்தான்.

மகளுக்கு 16 வயது. மார்ச்சிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "அங்கே ஆறு மாசம் இருட்டு" என்று ஒருநாள் சொன்னாள், அவ்வளவுதான். நாத்தனார், "காசுக்காகக் குடும்பத்தையே ஃப்ரீசரில் வைக்கப் போகிறாயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இவரும் சேர்ந்து சிரித்தார்.

அங்கே நிலம் ஆழம் வரை உறைந்தே கிடப்பதால் பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. லாரி வந்து வீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். மூன்று பேருக்கு அது எத்தனை நாள் வரும், மகள் அரை மணி நேரம் குளிப்பதற்குத் தாங்குமா என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அதையும் யாரும் கேட்கவில்லை. பிப்ரவரியில் மைனஸ் 30 டிகிரி வரும் ஊர், பூட்ஸ் வாங்கலாம் வாருங்கள் என்றேன், இருவரும் நகரவில்லை. மார்ச்சில் வேலை உறுதியானதும் வீட்டுக்கான படிவம் வந்தது. அங்கே வீட்டுத் தட்டுப்பாடு, எத்தனை பேர் என்று முதலிலேயே கேட்கிறார்கள். அவசரத்தில் ஒன்று என்று போட்டுவிட்டேன், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். அது இரண்டு நாள் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. அதைத் தபாலில் போடக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை.

எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறேன். பட்டியல் எதுவரை வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? இவர்களை எப்படித்தான் தயார்ப்படுத்துவது?

ஒரு வாசகி

*

அன்புச் சகோதரிக்கு,

நாத்தனார் பேசியது தப்பு. கணவர் அதற்குச் சிரித்தது அதைவிடத் தப்பு. அது வலித்திருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன்: "அவசரத்தில் ஒன்று என்று போட்டுவிட்டேன்."

மகளின் குளியல் வரை தண்ணீரைக் கணக்கிட்டவர் நீங்கள். சோப்பை எண்ணி எழுதியவர். வீட்டில் எத்தனை பேர் என்பது உங்களுக்கு அவசரத்தில் தவறாது அம்மா. ஒன்று என்று எழுத ஆகும் நேரம்தான் மூன்று என்று எழுதவும் ஆகும்.

குற்றம் சாட்டவில்லை. இரண்டு வருடம் தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றினால் அதில் பாவம் எதுவும் இல்லை. 17 வருட "உன் இஷ்டம்" யாரையும் களைத்துப்போக வைக்கும். ஆனால் அந்த ஆசையை ஒரு படிவத்திடம் மட்டும் சொல்லிவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் மேல் ஏன் கிளம்பவில்லை என்று கோபப்படுகிறீர்கள். அவர்கள் வராமல் நின்றுவிட்டால் "கூப்பிட்டேன், வரவில்லை" என்று நீங்கள் விமானம் ஏறிவிடலாம். பழி அவர்களோடு இங்கேயே தங்கிவிடும். உங்களை அறியாமலே இப்படி ஓர் ஏற்பாடு நடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

கணவருக்கு நான் வக்கீல் இல்லை. ஆனாலும் ஒன்று கவனித்தேன். எண்ணெய் எவ்வளவு, பெட்டி எவ்வளவு என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்கள். "போகலாமா?" என்று கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. முடிவெடுத்த பிறகு பட்டியலை நீட்டினால், ஏற்கெனவே பேசத் தெரியாத மனிதர் வேறு என்ன சொல்வார்?

எனக்கு அதிகக் கவலை மகளைப் பற்றித்தான். படிவம் வந்தது மார்ச். அவள் பேச்சைக் குறைத்ததும் மார்ச் என்கிறீர்கள். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்த தாளை 16 வயதுப் பெண் படித்திருக்க மாட்டாள் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அம்மாவின் புது வீட்டுக் கணக்கில் தான் இல்லை என்று பார்த்துவிட்ட பிள்ளை, பூட்ஸ் வாங்க எப்படிக் கடைக்கு வருவாள்?

ஆறு மாத இருட்டு என்று அவள் சொன்னது உண்மையில் சரியில்லை. இக்காலுயிட் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருக்கும் ஊர். டிசம்பர் கடைசியில்கூட நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் பகல் உண்டு. ஜூனில் அதுவே 20 மணி நேரத்தைத் தாண்டிவிடும். இப்போதைக்கு அவளிடம் இந்தப் பூகோளப் பாடத்தை எடுக்க வேண்டாம். அந்தக் குட்டைப் பகலை நினைத்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள். வெளிச்சம் குறைந்தால் தூக்கமும் மனசும் தடுமாறும் என்று நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கென்று வரும் பிரகாசமான விளக்கு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், மதியத்தில் வெளியே நடங்கள், சரி. ஆனால் இங்கே சொல்லாமல் விட்டுப்போனது அங்கே பிற்பகல் மூன்று மணி இருட்டில் வந்து பக்கத்தில் உட்காரும். அதற்கு விளக்கு போதாது.

முதலில் மகளிடம் பேசுங்கள். "அந்தத் தாளில் ஒன்று என்று எழுதியது நான்தான்" என்று தொடங்குங்கள். ஏன் என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அவசரத்தில் என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறகு கணவர். "நீங்கள் வர வேண்டும் என்று நான் நினைப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறதா?" என்று கேளுங்கள். "உன் இஷ்டம்" என்று வந்தால் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

படிவம் மூன்றாக மாறலாம், ஒன்றாகவே இருக்கவும் செய்யலாம். கப்பலுக்குச் சரக்கு கொடுக்கும் கடைசித் தேதி நெருங்குகிறது என்று தெரியும். இருந்தாலும் அந்த ஆறு பக்கத்தை ஒரு வாரம் மூடி வையுங்கள்.