கேள்வி பதில்: பழைய இடுகாடுகளைத் தேடுவோருக்கு

சிங்கப்பூரின் பழைய இடுகாடுகள் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் தாத்தாவை 1961-ல் பிடாடாரி கிறிஸ்துவ இடுகாட்டில் அடக்கம் செய்ததாக அப்பா சொல்வார். இப்போது போய்ப் பார்த்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் நிற்கின்றன. கல்லறை என்ன ஆயிற்று? — வாசகி, பொத்தோங் பாசிர்

கல்லறை அங்கே இல்லை. பிடாடாரியில் கிறிஸ்துவப் பகுதி 1908-ல் திறக்கப்பட்டது. முஸ்லிம் பகுதி 1910-லும் இந்துப் பகுதி 1925-லும் வந்தன. 1972-ல் புதிய அடக்கங்கள் நிறுத்தப்பட்டன. 2001 முதல் 2006 வரை தோண்டியெடுக்கும் பணி நடந்தது. கிறிஸ்துவக் கல்லறைகள் சுமார் 58,000, முஸ்லிம் கல்லறைகள் சுமார் 68,000. வுட்லீ எம்ஆர்டி ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள நிலம் முழுக்க ஒரு காலத்தில் இதுதான்.

உங்கள் தாத்தாவின் எச்சம் இரண்டு வழிகளில் ஒன்றில் போயிருக்கும். குடும்பத்தில் யாராவது பதிவு செய்து உரிமை கோரியிருந்தால், தகனம் செய்து அஸ்தியை அவர்களிடம் ஒப்படைத்திருப்பார்கள். யாரும் கோராத கிறிஸ்துவ எச்சங்களைத் தகனம் செய்து, சில காலம் வைத்திருந்துவிட்டுக் கடலில் கரைப்பதே அரசின் வழக்கம். முஸ்லிம் எச்சங்களைச் சுவா சூ காங்கில் மறு அடக்கம் செய்தார்கள். ஆகவே அலுவலகங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் பெரியப்பா, அத்தை வீடுகளுக்கு போன் போடுங்கள். 2001 வாக்கில் யாரோ ஒரு சித்தப்பா கையெழுத்துப் போட்டு, மண்டாய் அஸ்தி மாடத்தில் வைத்துவிட்டு, மற்றவர்களிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். இப்படி நடப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

வீட்டில் விடை கிடைக்காவிட்டால் ஆவணங்களுக்குப் போங்கள். முதலில் வேண்டியது இறந்த தேதி. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் இறப்புப் பதிவின் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். இங்கே பிறப்பு இறப்புப் பதிவுகள் 1872 முதல் உள்ளன. ஆண்டு மட்டும் தெரிந்தாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் மாதமும் தெரிந்தால் தேடல் சுருங்கும்.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் பெயர்தான். அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். சின்னசாமி என்ற பெயர் 'சி' ஓசைக்கு ஒரு முறை 'எஸ்' என்றும், ஒரு முறை 'சிஎச்' என்றும் தொடங்கும். வீரப்பனில் நெடில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தகப்பன் பெயர் முன்னால் வந்து, சொந்தப் பெயர் பின்னால் போயிருக்கும். கிறிஸ்துவரானால் ஞானஸ்நானப் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கவும் கூடும். குறைந்தது ஐந்தாறு எழுத்துக்கூட்டல்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் தேடிவிட்டு 'பதிவே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது சபை. கத்தோலிக்கர் என்றால் ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து மாதா தேவாலயத்தில் கேளுங்கள். 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டது அது. மெதடிஸ்ட் என்றால் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள தமிழ்த் திருச்சபை. அடக்கப் பதிவேட்டில் தேதி, வயது, ஆராதனை நடத்திய குருவின் பெயர் ஆகியவை பொதுவாக இருக்கும். இவற்றோடு தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் களஞ்சியத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களையும் பாருங்கள். சொல் தேடலில் வரவில்லை என்றால், இறந்த தேதிக்கு அடுத்த ஒரு வாரத்து இதழ்களையும், ஓராண்டு நினைவஞ்சலி வரக்கூடிய வாரத்து இதழ்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு எழுதினால் தெளிவான பதில் வர வாய்ப்பு உண்டு. வெறும் பெயரை மட்டும் அனுப்பினால் ஒன்றும் நடக்காது.

தெலுக் ஆயரில் நாகூர் தர்கா இருக்கிறதே, அங்கே அடங்கியிருப்பவர் யார்? — வாசகர், ஜூரோங் வெஸ்ட்

யாரும் இல்லை. ஷாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலம் தமிழ்நாட்டு நாகூரில் உள்ளது. தெலுக் ஆயரில் இருப்பது 1828-க்கும் 1830-க்கும் இடையே சூலியா முஸ்லிம்கள் (தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்) எழுப்பிய நினைவுத்தலம். 1974-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது, இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. நிஜமாகவே ஒருவர் அடங்கியிருக்கும் இடத்தைப் பார்க்க விரும்பினால் பால்மர் ரோட்டுக்குப் போங்கள். 1866-ல் மறைந்த இஸ்லாமியப் பெரியவர் ஹபீப் நோவின் கிரமாத் (புனித அடக்கத்தலம்) அங்கே குன்றின் மேல் உள்ளது.

பழைய கல்லறைக் கற்களில் எழுத்து தேய்ந்துவிட்டது. சாக்குக்கட்டி தேய்த்தால் தெரியும் என்கிறார்கள். செய்யலாமா? தமிழ், அரபு ஆண்டுகளை எப்படிக் கணக்கிடுவது? — வாசகர், பிடோக்

சாக்குக்கட்டி வேண்டவே வேண்டாம். தூள் கல்லின் நுண்துளைகளில் புகுந்து மழைக்கும் போகாமல் நின்றுவிடும். எலுமிச்சை, வினிகர் அதைவிட மோசம். பளிங்குக்கல் அமிலத்தில் கரையும், மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். குளோராக்ஸ் போன்ற வெளுப்பு திரவம் ஊற்றினால் அன்றைக்குக் கல் பளிச்சென்று இருக்கும். ஆனால் அதன் உப்பு கல்லுக்குள் இறங்கிப் படிகமாகி, மேற்பரப்பை உள்ளிருந்து உதிர்க்கும். கம்பித் தூரிகை எதற்கும் ஆகாது. பாசியை நகத்தால் பிய்த்தால் கல்லின் துகளும் கூடவே வரும்.

தேவைப்படுவது வெளிச்சம்தான். காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை ஆறு மணிக்கு மேலோ போங்கள். கைவிளக்கைக் கல்லின் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், பக்கவாட்டில் ஏறக்குறைய கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். செதுக்கிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். இடப்பக்கத்திலிருந்து ஒரு படம், வலப்பக்கத்திலிருந்து ஒரு படம், மேலிருந்து ஒன்று எடுங்கள். ஒரு கோணத்தில் மறைந்த கோடு இன்னொன்றில் தெரியும். உச்சி வெயில் நேரத்தில் மாட்டிக்கொண்டால் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான நைலான் தூரிகையும் போதும். கீழிருந்து மேலாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு விழும். கல் ஆடினாலோ, தட்டினால் பொள்ளென்று சத்தம் வந்தாலோ தொடவே வேண்டாம்.

ஈய எழுத்து பதித்த பளிங்குக் கற்களில் ஈயம் உதிர்ந்துபோய் வெற்றிடமாகத் தெரியும். கூர்ந்து பார்த்தால் ஒவ்வோர் எழுத்தையும் பிடித்துவைக்கத் துளைத்த சிறு துளைகள் தெரியும். அந்தத் துளைகளின் வரிசையைத் தாளில் புள்ளிகளாகக் குறித்து இணைத்தால் பல நேரம் பெயரே கிடைத்துவிடும்.

ஆண்டுக் கணக்கு. அரபு எண்களில் சிறு வட்டம் 5, புள்ளி பூச்சியம். மேல்பக்கம் திறந்த கூம்பு 7, அதைக் கவிழ்த்தால் 8. வட்டத்தைப் பூச்சியம் என்று படித்து ஆண்டைத் தவறவிடுவதுதான் வழக்கமான பிழை. ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஓராண்டுக்குள் சரியாக வரும். ஹிஜ்ரி 1283 என்றால் 1866.

தமிழ்க் கற்களில் தமிழ் எண்களே இருக்கலாம். ௧ என்பது 1, ௨ என்பது 2, ௭ என்பது 7, ௮ என்பது 8. இவற்றைக் க, உ, எ, அ என்று எழுத்தாகப் படித்துவிட்டு, பெயரின் தலைப்பெழுத்து என்று நினைப்பவர்கள் உண்டு. ௵ என்ற குறி வருடம், ௴ மாதம், ௳ தேதி. பிரபவ, விசு போன்ற ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். விசு என்றால் 1881, 1941, 2001 மூன்றில் ஒன்று. எது என்பதைக் கல்லின் வகையும் அந்த இடுகாடு திறந்து மூடிய ஆண்டுகளும் சொல்லும். இன்னொன்றையும் கவனியுங்கள்: தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில்தான் பிறக்கிறது. 'விசு வருடம் மாசி மாதம்' என்றிருந்தால் அது 1941 அல்ல, 1942. அதாவது சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த மாதம். அப்படி ஒரு கல்லைப் பார்த்தால் சும்மா கடந்துபோக மனம் வராது.

பயிற்சிக்கு நல்ல இடம் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் மலபார் பள்ளிவாசலை ஒட்டிய ஜாலான் குபோர் இடுகாடு. 1836-ல் வெளியான, கட்டடக் கலைஞர் கோல்மனின் நகர வரைபடத்திலேயே அது இருக்கிறது. மலாய் நடுகற்களில் உருண்டையானது ஆணுக்கு, தட்டையானது பெண்ணுக்கு. எழுத்தே இல்லாத கல்லும் அந்த அளவுக்குப் பேசும். நீளக் காற்சட்டையும் மூடிய காலணியும் போடுங்கள், புல்லுக்கடியில் மண் உள்வாங்கிய குழிகள் இருக்கும். கல்லின் மேல் கால் வைக்காதீர்கள்.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த கொள்ளுத்தாத்தா 1942-ல் இங்கே இறந்தார். கிராஞ்சியில் கல்லறை வரிசைகளில் தேடியும் கிடைக்கவில்லை. — வாசகர், உட்லண்ட்ஸ்

புல்தரையில் தேடினால் கிடைக்காது. கிராஞ்சி போர்க் கல்லறையில் உள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள் சுமார் 4,450, அவற்றில் 850-க்கும் மேற்பட்டவை அடையாளம் தெரியாதவை. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் மேலே உள்ள நினைவுச் சுவர்களில் இருக்கின்றன. அவை 24,000-க்கும் மேல். இந்துவாகவோ சீக்கியராகவோ இருந்து தகனம் செய்யப்பட்டிருந்தால் தனியாக ஒரு தகன நினைவகம் உண்டு, ஏறக்குறைய 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். சுவரில் எந்தப் பத்தி என்பதையும் அதுவே சொல்லும். பெயர்கள் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கப்பட்டிருப்பதால் பிரிவு தெரியாமல் போனால் நாள் முழுக்க நின்றாலும் கண்ணில் படாது.

போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளியைத் தேடி இங்கே வருகிறவர்களும் உண்டு. அவர்கள் படையினர் அல்லர், அவர்கள் பெயர்கள் இந்தச் சுவர்களில் இல்லை. ஆயிரக்கணக்கான தமிழர்கள் மாண்ட ஒரு வேலைக்கு இங்கே ஒரு வரி கூட இல்லாதது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

புக்கிட் பிரவுன் சீனர் இடுகாடுதானே, தமிழர்கள் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? — வாசகி, ஈசூன்

1922-ல் நகராட்சி திறந்து 1973-ல் மூடிய இடம், சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். செல்வந்தர் கல்லறைகள் சிலவற்றில் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கும். உயிரோடு இருந்தபோது வாசலில் நின்ற ஜாகாவை இறந்த பின்னும் விடவில்லை. கல்லில் சீனக் குடியரசு ஆண்டு இருந்தால் 1911 கூட்டுங்கள். 1922 முதல் 1972 வரையிலான அடக்கப் பதிவேடுகளைத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. லோர்னி நெடுஞ்சாலைக்காகச் சில ஆயிரம் கல்லறைகள் தோண்டப்பட்டன. ஏப்ரல் தொடக்கத்தில், சீனர்கள் முன்னோர் கல்லறைகளுக்கு வந்து வணங்கும் சிங் மிங் சமயம் கூட்டம் அதிகம், தவிர்த்துவிடுங்கள்.

அம்மாவை 2012-ல் சுவா சூ காங்கில் அடக்கம் செய்தோம். நாங்கள் கிறிஸ்துவர்கள். 15 ஆண்டு முடிந்ததும் உடனே தோண்டிவிடுவார்களா? — வாசகர், செங்காங்

அந்தத் தேதியிலேயே தோண்டமாட்டார்கள். ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுதான் என்ற வரம்பு 1998 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. கட்டம் கட்டமாக, பகுதி பகுதியாக அறிவிப்புக் கொடுத்துத்தான் எடுக்கிறார்கள். முஸ்லிம்கள் போல அடக்கம் கட்டாயமான சமயத்தவரை அளவில் சிறிய குழிகளில் மறு அடக்கம் செய்வார்கள், மற்றவர்களுக்குத் தகனம். வீடு மாறியிருந்தால் அடக்கத்துக்கு விண்ணப்பித்தவரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். அறிவிப்புப் பழைய வீட்டுக்குப் போய்த்தான் பல கல்லறைகள் கோரப்படாமல் போகின்றன.

அஸ்தியை என்ன செய்வது என்று உடன்பிறந்தவர்களோடு முன்பே பேசி வையுங்கள். அரசு அஸ்தி மாடத்தில் வைக்கலாம். சுவா சூ காங்கிலேயே 2021-ல் திறந்த அமைதிப் பூங்காவில் தூவலாம். செமக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில் உள்ள கடற்பகுதியிலும் கரைக்கலாம். கல்லை யாரும் உங்களுக்காகப் பாதுகாத்து வைப்பார்கள் என்று இருக்காதீர்கள். முகப்பு, பின்புறம், கல்லில் உள்ள கல்லறை எண், பக்கத்துக் கல்லறைகளோடு சேர்ந்த ஒரு காட்சி என்று நான்கு படங்களாவது எடுத்து, பிளாக் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதி, இறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.