தெய்வக் கதைகளுக்குள் உப்பு வணிகம் ஒளிந்திருக்கிறதா?

கேள்வி: வரலாற்றுக்கு முந்தைய ஐரோப்பாவில் கடலோடிகளின் கூட்டம் ஒன்று உப்பு வணிகம் முழுவதையும் தன் கைக்குள் வைத்திருந்தது என்றும், கிரேக்க, நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) புராணங்களில் வரும் தெய்வங்கள் அந்த வணிகர்களைப் பற்றிய மங்கிய நினைவே என்றும் ஒரு காணொளியில் கேட்டேன். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தைச் சான்றாகக் காட்டினார்கள். இதை ஏற்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்தக் கருத்தில் பாதி உண்மை, அந்தப் பாதியைக் காட்டித்தான் மறுபாதியையும் நம் தலையில் கட்டுகிறார்கள். உப்பு பெருஞ்செல்வம் சேர்த்துத் தந்தது என்பதில் ஐயமில்லை. பல்கேரியாவில் புரோவாடியா நகருக்கு அருகிலுள்ள சொல்னித்சாதா மேட்டில், கி.மு. 5500 வாக்கிலேயே ஊற்றின் உவர்நீரை மட்கலங்களில் ஊற்றிக் காய்ச்சி உப்பு எடுத்திருக்கிறார்கள்; பின்னாளில் அந்தச் சிற்றூரைச் சுற்றிக் கல் மதிலும் எழுந்தது. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வார்னாவில் 1972-இல் வெளிப்பட்ட இடுகாட்டில், கி.மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த குழிகளிலிருந்து ஏறத்தாழ 6 கிலோ தங்கம் கிடைத்தது. சொல்னித்சாதாவை அகழ்ந்த வாசில் நிகோலோவ், அந்தத் தங்கத்தை இந்த உப்போடு தொடர்புபடுத்துகிறார். செம்புக்கும் அதில் பங்கிருக்கும் என்பது என் எண்ணம். ஆயினும் அவர் கருத்து மண்ணில் கிடைத்ததை வைத்துச் சொல்லப்படுவது.

ஒடிசிச் சான்று அப்படிப்பட்டதன்று. அதன் 11-ஆம் காண்டத்தில், இறந்தோர் உலகில் சந்திக்கும் குறிசொல்லி டைரீசியஸ், கடலையே அறியாத, உணவில் உப்புச் சேர்க்காத மக்களைச் சென்றடையும்வரை துடுப்பைத் தோளில் சுமந்து நடக்குமாறு காவிய நாயகன் ஒடிசியஸிடம் கூறுகிறார். உள்நாட்டு மக்களுக்கு உப்பு கடல் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இந்த வரிகளைக் காட்டுகிறார்கள். கடற்கரையில் வாழ்ந்த கிரேக்கர், கடல் இல்லாத இடத்தில் உப்பும் இல்லை என்று கருதினார்கள் என்பதற்கு மேல் இவ்வரிகளிலிருந்து எதையும் பெற முடியாது. எந்தக் கடலிலிருந்தும் வெகுதொலைவில், ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கிறது ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கம். 2003-இல் அங்கே மண்சரிவுகளுக்கு அடியிலிருந்து 8 மீட்டர் நீளமுள்ள மரப்படிக்கட்டு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அதற்கான மரங்கள் கி.மு. 1344, 1343 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. படிகளின் சாய்வைச் சுரங்கத்தின் சரிவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அதே படிக்கட்டைக் கழற்றி வேறிடத்திலும் பொருத்தலாம். உப்புக் கட்டிகளைச் சுமந்த தோல் மூட்டைகளும் கிடைத்துள்ளன. அவற்றைத் தோளிலிருந்து இறக்காமலே, பிடித்திருக்கும் கோலை விட்டால் சரக்கு கவிழ்ந்து கொட்டும். கடலோடிகள் யாரும் கற்றுத் தர வேண்டிய நிலையில் இருந்தவர்கள் செய்த வேலையா இது? ஒடிசி உருப்பெற்றதோ அந்தப் படிக்கட்டுக்கு வெகுகாலம் கழித்து, கி.மு. எட்டாம் நூற்றாண்டு அளவில்.

கேள்வி: அப்படியானால் உப்பு எங்கெங்கே சென்றது என்பதற்கு நேரடிச் சான்று இருக்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எடுத்த இடத்தில் சான்று உண்டு, சென்று சேர்ந்த இடத்தில் பெரும்பாலும் இல்லை. உப்பு தின்று தீரும், மிச்சமிருப்பது மழையில் கரையும். ஆகவே, பதிலுக்கு வந்த பொருளை வைத்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது. ஹால்ஸ்டாட்டின் சுரங்க அதிகாரி யோஹான் கேயோர்க் ராம்சவுவர், 1846 முதல் 1863 வரை அங்கே ஏறத்தாழ 980 கல்லறைகளைத் திறந்தார். அந்த இடுகாட்டில் கிடைத்த வாள் ஒன்றின் கைப்பிடி யானைத் தந்தத்தால் ஆனது; அதில் பதித்திருப்பது அம்பர், அதாவது பழங்கால மரப்பிசின் இறுகி உருவான மணிக்கல். பால்டிக் கடற்கரை அம்பரை அதிலுள்ள சக்சினிக் அமிலத்தைக் கொண்டு இனங்காண முடிகிறது. உப்புக்கு அத்தகைய அடையாளம் கிடையாது என்பதால், அதன் பெயரில் யார் எந்த வணிகப் பாதையை வரைந்தாலும் உடனே மறுப்பது கடினம். மாற்றுக் கருத்தாளர்களுக்கு உப்பின்மேல் இத்தனை பிரியம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமென்று எனக்குத் தோன்றும்.

பழங்கதைகளில் வணிகப் பாதையின் சாயல் உள்ள ஒன்றைக் காட்டச் சொன்னால், பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதைக் காட்டுவேன். வடகோடியில் வாழும் ஹைப்பர்போரியர், வைக்கோலில் பொதிந்த காணிக்கையைக் கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சித்தியரிடம் தருவார்கள். அது ஒவ்வோர் இனமாகக் கைமாறி ஆட்ரியாட்டிக் கடலை எட்டி, தெற்கே கிரேக்கத்தின் டொடோனா வழியாக டெலோஸ் தீவை அடையும் என்கிறார். பால்டிக் அம்பர் தெற்கே சென்ற வணிகப் பாதையை நினைத்து அறிஞர்கள் சிலர் இதைப் படித்திருக்கிறார்கள். பொருள்தான் பயணம் செய்கிறதே ஒழிய, அதைக் கொண்டு கண்டம் முழுவதும் சுற்றும் வணிகர் கூட்டம் ஒன்று இந்தக் கதையிலும் இல்லை.

கேள்வி: நார்ஸ் புராணத்தில் பசு உப்பை நக்கித் தெய்வம் பிறந்ததாகச் சொல்லப்படுகிறதே! அதற்கும் வணிகத்துக்கும் தொடர்பில்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஔதும்லா என்ற பசு உவர்ப்பான பனிக்கற்களை நக்க, முதல் நாள் மயிரும், இரண்டாம் நாள் தலையும், மூன்றாம் நாள் முழு உருவுமாக, நார்ஸ் தலைமைத் தெய்வமான ஓடினின் பாட்டன் பூரி வெளிப்பட்டதாக, ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்துர்லுசன் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். மாடு உப்பைத் தேடி நக்கும் என்பது மாடு மேய்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்தது. இந்தக் கதை பிறக்க வணிகர் வந்திருக்க வேண்டியதில்லை. ஹால்ஸ்டாட்டின் செழிப்புக்கும் ஸ்னோரிக்கும் நடுவே சுமார் 1,700 ஆண்டுகள் கிடக்கின்றன என்பதும் சிறிய தடையன்று.

உப்பும் தெய்வமும் உண்மையிலேயே சேர்ந்து வருவதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். கி.பி. 58-இல், உப்பு விளையும் எல்லை ஆறு ஒன்றுக்காக ஹெர்முண்டுரி, சாட்டி என்ற இரு ஜெர்மானிய இனங்கள் போரிட்டன. அவ்விடம் வானுலகுக்கு மிக அருகில் இருப்பதாகவும், அங்கிருந்து வேண்டினால் தெய்வங்களின் காதில் விழும் என்றும், எரியும் மரக்குவியலின்மேல் ஆற்று நீரை ஊற்றும்போது அத்தெய்வங்களின் அருளால் உப்பு படிகிறது என்றும் அவர்கள் நம்பினார்கள். இரு தரப்பும் எதிரிப் படையைத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிட்டே களமிறங்கியதால், தோற்ற சாட்டியரின் ஆட்களும் குதிரைகளும் அந்த நேர்ச்சைப்படி பலியாயின.